நாக்குக்குத் தெரியாமல் உப்பைக் குறைப்பது எப்படி? ஒரு 26 வாரக் கணக்கு

மாமாவுக்கு பிபி 150-ஐத் தாண்டியிருக்கிறது என்று தெரிந்த அன்று ராத்திரியே அத்தை ரசத்தில் உப்பைப் பாதியாக்கிவிட்டார்கள். மறுநாள் சாம்பாரிலும். மாமா வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கவளம் சாப்பிட்டார், எழுந்து அடுப்படிக்குப் போனார், உப்பு ஜாடியைத் தூக்கிவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் நார்த்தங்காய் ஊறுகாயும் அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. ஒரு வாரத்தில் அவர் சாப்பிட்ட உப்பு, டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பு சாப்பிட்டதைவிடக் கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது.

நான் பிறந்தது தூத்துக்குடிப் பக்கம். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியெல்லாம் உப்பளம்தான். வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியலும், அதன்மேல் மூடிய பனை ஓலையும். அந்த ஊர்க்காரி மதுரைக்கு வாழ வந்து உப்பைக் குறைக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்? கேட்க வைக்க முடியாது என்று புரிந்த பிறகுதான் சொல்வதை நிறுத்தினோம். அதற்கப்புறம் ஏழெட்டு மாதம் செய்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நடுவில் சொதப்பியதும் உண்டு, அதையும் சேர்த்து.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே. தலை தட்டிய ஒரு டீஸ்பூன் தூள் உப்புக்குச் சற்றுக் குறைவு. சாம்பார், பொரியல், இட்லி, சட்னி, மோர், ஊறுகாய், பிஸ்கட் எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன். அதே நிறுவனத்தின் கணக்குப்படி உலகம் சராசரியாகச் சாப்பிடுவது 10.8 கிராம், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். எங்கள் வீடும் ஏறக்குறைய அங்கேதான் இருந்தது.

பாதியாகக் குறைக்க வேண்டும், ஆனால் ஒரே நாளில் பாதியாக்கினால் ஜாடி மேசைக்கு வந்துவிடுகிறது. இதுதான் சிக்கல்.

பிரிட்டன் ரொட்டியில் நடந்தது

இதே சிக்கலை ஒரு நாடு முழுவதும் கையாண்ட கதை ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் 2001-ல் கடை ரொட்டியில் 100 கிராமுக்குச் சராசரியாக 1.23 கிராம் உப்பு இருந்தது. 2011-ல் அது 0.98 கிராம். பத்து வருடத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. கம்பெனிகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தன. காலையில் ரொட்டி தின்றவர்கள் யாரும் ருசி போச்சே என்று புலம்பவில்லை. மற்றப் பண்டங்களிலும் இப்படியே குறைத்ததில், ஒருவர் ஒரு நாளில் சாப்பிடும் உப்பு 9.5 கிராமிலிருந்து 8.1 கிராமுக்கு இறங்கியது.

அங்கே பெரும்பாலான உப்பு பாக்கெட் உணவில் வருகிறது, அதனால் கம்பெனிகளைப் பிடித்தால் வேலை முடிந்தது. நம் வீடுகளில் உப்பு பெரும்பாலும் நம் கையால்தான் விழுகிறது. அந்த ரொட்டிக் கம்பெனி செய்த வேலையை இங்கே அடுப்படியில் நிற்பவர்தான் செய்ய வேண்டும். சத்தமில்லாமல் செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம்.

நாக்கு ஏன் ஏமாறுகிறது என்பதற்குப் பழைய விளக்கம் ஒன்று உண்டு. 19-ம் நூற்றாண்டில் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் வெபர் என்ற உடலியல் அறிஞர், கையில் எடையைத் தூக்கிப் பார்க்கும்போது எவ்வளவு கூடினால் வித்தியாசம் தெரிகிறது என்று ஆராய்ந்தார். கையில் இருப்பது கொஞ்சமென்றால் கொஞ்சம் கூடினாலே தெரிகிறது. நிறைய இருந்தால் நிறையக் கூட்டினால்தான் தெரிகிறது. அதாவது உடம்புக்கு உறைப்பது இத்தனை கிராம் என்ற கணக்கு இல்லை, விகிதம். உப்பு ருசிக்கும் இது ஏறக்குறைய பொருந்தும். அதனால்தான் நான் கிராமை விட்டுவிட்டு சதவீதத்தைப் பிடித்துக்கொண்டேன்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்போது இருப்பதில் 5 சதவீதம். சாம்பாரில் அவ்வளவு சின்ன வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் நாக்கு எங்கள் வீட்டில் இல்லை.

முதல் இரண்டு வாரம்: எதையும் குறைக்காதீர்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இதுதான். எவ்வளவு போடுகிறோம் என்று தெரியாமல் எதில் 5 சதவீதம் குறைப்பது?

வழி சுலபம். புது உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன் மேலேயே தேதியை எழுதுங்கள். தீரும் அன்று எத்தனை நாள் ஆயிற்று என்று பாருங்கள். எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேர், எல்லோரும் பெரியவர்கள். ஒரு கிலோ பாக்கெட் 25 நாளில் தீர்ந்தது. ஆயிரத்தை 25-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 40 கிராம், தலைக்கு 10 கிராம். அவ்வளவு நாள் காத்திருக்கப் பொறுமை இல்லை என்றால், ஜாடியோடு எடை போட்டு வைத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி எடை போட்டுப் பாருங்கள்.

சில விஷயங்கள் கணக்கைக் கெடுக்கும். காலிஃப்ளவரை உப்புத் தண்ணீரில் போட்டு வைக்கிறோம், மீனை உப்புப் போட்டு அலசுகிறோம். அந்த உப்பு வாய்க்கு வராமல் வாய்க்காலுக்குப் போகிறது. அதற்கு வேறு டப்பா வையுங்கள். ஊறுகாய் போடும் உப்பும் தனி. வீட்டில் யாராவது தினமும் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் அதுவும் தனி. அத்தை கொப்பளிப்பார்கள், எனக்கு அது பத்து நாள் கழித்துத்தான் உறைத்தது. முதலில் இருந்து எண்ண வேண்டியதாயிற்று.

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். இந்த முழு வேலைக்கும் ஆகும் செலவு அது ஒன்றுதான்.

கையிலிருந்து கிண்ணத்துக்கு

அத்தை ஐம்பது வருடமாகக் கை அளவில் சமைப்பவர்கள். கல் உப்பை ஜாடியிலிருந்து அள்ளி, உள்ளங்கையில் ஒரு குலுக்குக் குலுக்கி, கொதிக்கிற குழம்பில் விடுவார்கள். ஒருநாள் அந்தக் கை அளவை மூன்று தடவை வாங்கித் தராசில் வைத்தேன். 11, 14, 12. நாங்கள் குறைக்கப் போவதைவிட அந்தக் கையின் ஏற்ற இறக்கமே அதிகம். இதை வைத்துக்கொண்டு 5 சதவீதத்தை எங்கே போய்த் தேடுவது?

ஸ்பூனும் முழு விடை இல்லை. தூள் உப்பு தலை தட்டிய டீஸ்பூனுக்கு 5, 6 கிராம் இருக்கும். கல் உப்பில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி விழுவதால் எடை குறையும், அதுவும் கல்லின் அளவுக்குத் தக்கபடி மாறும். ஆகவே எதைப் பயன்படுத்தினாலும் ஆறு மாதமும் அதையே பயன்படுத்துங்கள். நடுவில் கல்லிலிருந்து தூளுக்கு மாறினால், ஸ்பூன் கணக்கில் போடுபவர்களுக்கு உப்பு தானாகவே ஏறிவிடும்.

இங்கேதான் எனக்கு முதல் சறுக்கல். ஒரு வாரத்துக்கான உப்பை எடை போட்டு ஒரு பாட்டிலில் வைத்தேன், இதற்குள் சமாளிப்போம் என்று. சனிக்கிழமை மத்தியானம் பாட்டில் காலி. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு. அத்தை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பெரிய ஜாடியைத் திறந்தார்கள். வாரக் கணக்கு என்பது மாதச் சம்பளம் மாதிரி, முதல் மூன்று நாள் தாராளமாகத்தான் செலவாகும்.

அப்புறம் நாள் கணக்குக்கு மாறினோம். காலையில் காபிக்குப் பால் காயும்போதே தராசில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து அன்றைக்கான உப்பைப் போட்டுவிடுவேன். ராத்திரி வரைக்கும் எல்லாம் அந்தக் கிண்ணத்திலிருந்துதான். அத்தை கையாலேயே எடுக்கலாம், கண்ணாலேயே பார்க்கலாம். ஐம்பது வருடப் பழக்கத்தை யாரும் மாற்றச் சொல்லவில்லை. கிண்ணம் மட்டும் அளந்தது. மீந்தால் ஜாடிக்கே திரும்பிப் போகும், மறுநாள் கணக்கில் சேர்க்க மாட்டோம்.

நைவேத்தியம் ஆகும்வரை ருசி பார்க்காத வீடுகளிலும் இந்தக் கிண்ணம் உதவும் என்று நினைக்கிறேன். அங்கே உப்பு முழுவதும் கண் அளவு, அனுபவ அளவுதான். குறைக்கும் காலத்தில் அந்த அனுபவமே எதிராக வேலை செய்யும்.

இட்லி மாவுக்குப் போடும் உப்பு ஒரே நாளில் போனாலும் மூன்று நாளைக்கு வரும். அதை மூன்றாகப் பிரித்து, அந்த மூன்று நாள் கிண்ணத்திலும் கழித்துக்கொள்ளுங்கள். உப்புக் குறைந்தால் மாவு சற்று வேகமாகப் புளிக்கும், அதையும் எதிர்பாருங்கள். மதுரை வெயிலுக்கு நாங்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஃபிரிட்ஜில் வைத்தோம்.

இறங்குகிற கணக்கு

நான்கு பேர் வீட்டில் ஒரு நாளைக்கு 40 கிராமில் தொடங்கினால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் இறக்கும்போது கிண்ணத்தில் போட வேண்டியது இப்படி வரும்:

40 → 38 → 36 → 34 → 33 → 31 → 29 → 28 → 27 → 25 → 24 → 23 → 22 → 20

கடைசி எண்ணைச் சரியாகச் சொன்னால் 20.5. மொத்தம் 13 இறக்கம், 26 வாரம், தலைக்கு 5 கிராமை ஒட்டி வந்து நிற்கிறோம். முதல் இறக்கத்தில் 2 கிராம் போகிறது, கடைசி இறக்கங்களில் ஒரு கிராமைச் சுற்றித்தான். வட்டிக்கு வட்டி போட்டால் கடன் ஏறிக்கொண்டே போகும் இல்லையா, இது அதைத் தலைகீழாகக் கவிழ்த்த கணக்கு. போகப் போக அடி சின்னதாகிக்கொண்டே வரும், அதனால்தான் நாக்கு முழித்துக்கொள்வதில்லை.

உங்கள் வீட்டில் 40-க்குப் பதில் 32 என்றால் 32-ல் தொடங்குங்கள். 20-க்கு வர ஒன்பது, பத்து இறக்கம் போதும். பெரிய குடும்பம் என்றால் தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்துத் தொடங்குங்கள். தேதியையும் கிராமையும் அடுப்படி காலண்டரில் எழுதினேன், வெறும் எண்ணாக. "என்ன 34?" என்று மாமா ஒருநாள் கேட்டார். பால் கணக்கு என்றேன்.

வயதானவரிடம் மறைத்துச் செய்யலாமா என்று கேட்கலாம். டாக்டர் குறைக்கச் சொன்னது அவருக்கும் தெரியும், குறைக்கப் போகிறோம் என்று அவரிடம் ஒருமுறை சொல்லியும் இருந்தோம். என்றைக்கு, எதில், எவ்வளவு என்பதை மட்டும்தான் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே சாம்பார் சப்பென்று ஆகிவிடும். உண்மையில் ஒருநாள், எதையும் குறைக்காத நாளில், "இன்னைக்கு உப்பு கம்மி பண்ணிருக்கேன் மாமா" என்று வேடிக்கைக்குச் சொன்னேன். "அதான் பார்த்தேன், வாயில வைக்க முடியல" என்றார்.

எந்தப் பண்டத்தில் முதலில் கை வைப்பது

கிண்ணத்தில் 2 கிராம் குறைகிறது, சரி. அதை எல்லாப் பண்டத்திலும் சமமாகப் பிரிக்க வேண்டியதில்லை. வெளியே தெரியாத இடம், உடனே காட்டிக்கொடுக்கும் இடம் என்று இரண்டு வகை உண்டு.

சோற்றுக்கு உப்புப் போட்டு வடிக்கும் வீடு என்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மேலே குழம்பு ஊற்றும் சோற்றில் உப்பு இல்லாதது இரண்டு நாளில் பழகிவிடும். சப்பாத்தி மாவும் அப்படித்தான். பருப்பு வேகும்போது கொஞ்சம், தாளிக்கும்போது கொஞ்சம், கடைசியில் ருசி பார்த்து ஒரு சிட்டிகை என்று ஒரே பண்டத்தில் மூன்று தடவை விழுவதும் நம் வீடுகளில் சகஜம். அதை ஒரே தடவையாக்கினாலே முதல் இரண்டு இறக்கத்துக்கான உப்பு அங்கே கிடைத்துவிடும்.

அடுத்தது பொரியலும் வறுவலும். உருளைக்கிழங்கு வறுவலில் உப்பை முதலில் போட்டால் அது கிழங்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இறக்குவதற்குச் சற்று முன் போட்டால் மேலேயே ஒட்டியிருக்கும். நாக்கு தொடுவது மேல்புறத்தைத்தானே. இதற்குத் தூள் உப்புதான் சரி. அதே ருசிக்கு முன்னைவிடக் குறைவாகப் போதும்.

ரசத்தையும் மோரையும் கடைசிக்கு வையுங்கள். இரண்டும் தண்ணீர், ஒளிந்துகொள்ள இடமில்லை. எங்கள் வீட்டில் ஆறாவது இறக்கம் வரை ரசத்தைத் தொடவே இல்லை.

புளி விஷயத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். உப்பைக் குறைத்தால் புளிப்பைக் கூட்டிச் சமாளியுங்கள் என்று பலர் சொல்வார்கள். பொரியலிலோ சுண்டலிலோ இறக்கிய பிறகு நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் அது உண்மைதான், உப்புக் குறைந்தது தெரியாது. ஆனால் குழம்பில் நேர் எதிர். வத்தக்குழம்பில் புளியைக் கெட்டியாகக் கரைத்து, மிளகாய்ப்பொடியையும் தாராளமாகப் போட்டால், அது உப்பைக் கேட்கும். புளி, காரம், உப்பு மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஏறும். ஆகவே குழம்பில் உப்பை மட்டும் இறக்க முயலாதீர்கள். புளியையும் காரத்தையும் கூடவே ஒரு படி இறக்குங்கள், நான்கு சின்ன வெங்காயமோ பூண்டோ கூடுதலாகச் சேருங்கள். எங்கள் வத்தக்குழம்பு இப்போது முன்னைவிடக் கொஞ்சம் தணிவாக இருக்கிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, அத்தைக்கு இன்னும் அரைமனதுதான்.

கொதிக்கக் கொதிக்கக் கரண்டியில் எடுத்து உப்புப் பார்ப்பதை விடுங்கள். உள்ளங்கையில் விட்டு, ஊதி, ஆறியதும் பாருங்கள். சூட்டில் நாக்குக்கு ஒன்றும் பிடிபடாமல் இன்னொரு சிட்டிகை போடுவது அடிக்கடி நடக்கிறது.

ஊறுகாயில் உப்பைக் குறைக்காதீர்கள்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. உற்சாகத்தில் மாவடுவுக்கும் உப்பைக் குறைத்துப் போட்டேன். மூன்றாம் வாரம் ஜாடியைத் திறந்தால் மேலே பூஞ்சை. ஊறுகாயிலும் மோர் மிளகாயிலும் வடகத்திலும் கருவாட்டிலும் உப்பு ருசிக்காக மட்டும் இருப்பதில்லை, கெடாமல் காப்பதும் அதுதான். அதைக் குறைத்தால் பண்டம் போகும், வயிறும் போகலாம்.

அங்கே குறைக்க வேண்டியது தட்டில் விழும் அளவைத்தான். ஊறுகாய் பாட்டிலில் கிடந்த பெரிய கரண்டியை எடுத்துவிட்டு, குழந்தைக்கு மருந்து கொடுக்கும் அளவு ஸ்பூன் ஒன்றைப் போட்டோம். பிறகு, மோர்ச்சோறு இருக்கும் வேளைக்கு மட்டும் ஊறுகாய் என்றானது. அப்பளம் தினமும் என்பது வாரத்துக்கு மூன்று நாளானது. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேருகிறது, அதிலும் சோடியம், அதாவது உப்பில் பிபியை ஏற்றும் பொருள், உண்டு. ஆப்ப சோடாவும் அப்படித்தான்: ஒரு டீஸ்பூனில் ஒரு கிராமுக்கு மேலேயே சோடியம் இருக்கும், உப்புக் கணக்கில் அது 3 கிராமுக்குச் சமம். உப்பே கரிக்காத பண்டத்திலும் சோடியம் இருக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

யாராவது கண்டுபிடித்துவிட்டால்

கண்டுபிடிப்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டு தடவை நடந்தது, எட்டாவது இறக்கத்தில் ஒன்று, பதினொன்றில் ஒன்று. இரண்டாவது தடவை மாமா கையைக் கழுவிக்கொண்டே, "என்னம்மா, ரசம் என்னமோ மாதிரி இருக்கு" என்றார். உப்பு என்று சொல்லவில்லை, என்னமோ மாதிரி.

அப்போது செய்ய வேண்டியது: முந்தைய அளவுக்கு ஏறாதீர்கள், அடுத்த இறக்கத்துக்கும் போகாதீர்கள். இருக்கும் அளவிலேயே இன்னும் இரண்டு வாரம் நில்லுங்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் நின்றேன், இரண்டாவது தடவை நான்கு வாரம் நின்றேன், நடுவில் பொங்கலும் வந்ததால். ஆக எங்களுக்கு 26 வாரம் 32 வாரம் ஆயிற்று. ஆகட்டும், யாரும் துரத்தவில்லை.

ஏன் நின்றால் போதும் என்கிறேன் என்றால், நாக்கின் எதிர்பார்ப்பே இடம் மாறுகிறது. 1982-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஐந்து மாதம் சோடியம் குறைந்த உணவு சாப்பிட்டவர்களுக்கு சூப்பிலும் பிஸ்கட்டிலும் பிடித்த உப்பின் அளவே கீழே இறங்கியிருந்தது. அது ஒரு வாரத்தில் நடக்கும் காரியமில்லை, மாதக் கணக்காகும். முதல் பத்து நாளில் கைவிடுபவர்கள் நாக்கு மாறுவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

கல்யாணம், திருவிழா, வெளியூர்ப் பயணம் என்றால் கணக்கை மறந்துவிடுங்கள். திரும்பி வந்ததும் விட்ட எண்ணிலேயே கிண்ணத்தை வையுங்கள். இரண்டு நாள் கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிராயச்சித்தமாக ஒரேயடியாக நான்கு கிராம் இறக்க நினைத்தால், ஜாடி மேசைக்குத் திரும்பி வரும்.

பாக்கெட்டும் கடையும்

பாக்கெட்டின் பின்னால் சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருப்பார்கள். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு. 100 கிராமுக்கா, ஒரு தடவை சாப்பிடும் அளவுக்கா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் ஏமாறுவது அங்கேதான். இன்ஸ்டன்ட் நூடுல்ஸில் உப்பின் பெரும்பகுதி அந்த மசாலாப் பொட்டலத்தில் இருக்கிறது. பாதியைப் போட்டுவிட்டு மீதியைச் சுருட்டி வையுங்கள்.

ஓட்டல் சாப்பாட்டில் நம்மால் ஆவது குறைவு. இரண்டாவது கப் சாம்பாரும் சட்னியும் வேண்டாம் என்பது ஒன்றுதான் எங்களால் முடிந்தது.

இந்துப்பு, மாற்று உப்பு, அயோடின்

இந்துப்புக்கு மாறினால் பிபிக்கு நல்லது என்று தெருவுக்கு ஒருவர் சொல்வார். இந்துப்பும் ஏறக்குறைய முழுக்க சோடியம் குளோரைடுதான். நிறம் வேறு, விலை வேறு. பெரும்பாலான இந்துப்பில் அயோடின் சேர்ப்பதில்லை என்பது கூடுதல் நஷ்டம். உப்பைக் குறைக்கும்போது அயோடினும் குறைகிறது என்பதால், குறைக்கும் வீட்டில் அயோடின் சேர்த்த உப்புதான் இருக்க வேண்டும். மூடி வையுங்கள், அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், சமையலின் கடைசியில் போடுங்கள். கல் உப்பு வாங்கினாலும் அயோடின் சேர்த்ததா என்று பார்த்து வாங்குங்கள்.

சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த உப்பு வேறு விஷயம். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்துச் செய்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைவாக வந்தது. நல்ல செய்திதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும் சில பிபி மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் இந்த உப்பு ஆபத்தாகலாம். மாமா சாப்பிடுவது அந்த வகை மாத்திரை என்பதால் எங்கள் வீட்டுக்கு இந்த வழி அடைபட்டது. நீங்கள் டாக்டரிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

யார் இந்தக் கணக்கைப் போடக்கூடாது

சிறுநீர் போக மாத்திரை சாப்பிடும் முதியவர்கள், ஏற்கெனவே ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள், நாள் முழுக்க வெயிலில் வியர்வை சிந்தி உழைப்பவர்கள், கர்ப்பிணிகள்: இவர்கள் எல்லோரும் முதலில் டாக்டரிடம் பேச வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தையின் சாப்பாட்டுக்கு உப்பே தேவையில்லை, அதனால் அங்கே குறைப்பதற்கும் ஒன்றுமில்லை.

பிபி மாத்திரையை நிறுத்துவதற்கான கணக்கும் இல்லை இது. பிபி உள்ளவர்கள் ஒரு நாளைக்கு 4, 5 கிராம் உப்பைக் குறைத்தால் மேல் எண் சராசரியாக 5 புள்ளி இறங்கும் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. மாமாவுக்கு இப்போது 130-ஐச் சுற்றி இருக்கிறது. அதில் மாத்திரை எவ்வளவு, உப்பு எவ்வளவு, தினமும் காலையில் மொட்டைமாடியில் நடப்பது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மாத்திரை தொடர்கிறது.

20-க்கு வந்த பிறகு

தினமும் தராசில் வைப்பதை நிறுத்திவிடலாம். அதற்குள் கிண்ணத்தில் எந்தக் கோடு வரை உப்பு இருக்கும் என்று கண்ணுக்குப் பழகியிருக்கும். ஆனால் பாக்கெட்டில் தேதி எழுதுவதை மட்டும் விடாதீர்கள். கை தானாகவே கூடப் போகும், அதைக் காட்டிக்கொடுப்பது அந்தத் தேதிதான். எங்களுக்கு இப்போது ஒரு கிலோ 48, 50 நாள் வருகிறது. இடையில் ஒருமுறை 41 நாளில் தீர்ந்தது. விசாரித்ததில், அத்தைக்கு உடம்பு சரியில்லாத பத்து நாள் சமைத்தது என் கணவர்.

விருந்தாளி வந்தால் என்ன செய்வது என்பது கடைசியாக வந்த கேள்வி. போன மாதம் நாத்தனார் வந்திருந்தாள். முதல் கவளத்திலேயே நிமிர்ந்து, "மதினி, உப்புப் போட மறந்துட்டீங்களா?" என்றாள். இதற்கென்றே ஒரு சின்னக் கிண்ணத்தில் தூள் உப்பு மேசையில் இருக்கிறது, அதை நகர்த்தி வைத்தேன். மாமா தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதுக்கு மேல என்ன உப்பு வேணும் உனக்கு?" என்று மகளைக் கேட்டுவிட்டு, இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டார்.